முற்றம் தேடும் மாளிகைகள்

‘பசிலிக்கா’ என்னும் சொல்லை வேளாங்கண்ணிக்கு நடந்து செல்லும் எளிய பக்தரும் அறிவார். பேராலயம் என்று நாம் அதற்குப் பொருள் கொள்கிறோம். ஆனால், அது கோயிலில் பிறந்த சொல் அன்று. அலுவலகத்தில் வளர்ந்த சொல். பழைய உரோமையில் வழக்கு விசாரிக்கவும், வணிகம் பேசவும், மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கவும் கட்டப்பட்ட நீண்ட மண்டபங்களுக்கே பசிலிக்கா என்று பெயர். நான்காம் நூற்றாண்டில், கான்ஸ்தந்தீன் மன்னர் காலத்தில், திருச்சபைக்குப் பெரிய ஆலயங்கள் தேவைப்பட்டன. அப்போது அது சிலைக்கோயில்களின் அமைப்பை நாடவில்லை. மக்கள் கூடி நிற்பதற்கென்றே அமைந்த இந்த மண்டபத்தின் அமைப்பை ஏற்றுக்கொண்டது. குருமடத்தில் திருச்சபை வரலாறு பயின்ற நாள்களில் இச்செய்தியைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தோம். அதன் ஆழம் பின்னர்தான் விளங்கியது.

இதைவிட வியப்பான ஒன்றும் உண்டு. உரோமையின் பழைய நகர்மையமான ஃபோரத்தில், செனட் சபை கூடிய கியூரியா என்னும் கட்டடம் இன்றும் முழுமையாக நிற்கிறது. கி.பி. 283-இல் நேர்ந்த தீயில் பழைய கட்டடம் அழிந்தபின் அதை மீண்டும் எடுத்துக் கட்டியவர் தியோக்ளேசியன். கிறிஸ்தவர்களை வேதகலாபனையால் வாட்டிய அதே மன்னர். காலம் மாறியது. பேரரசு தளர்ந்தது, நகரில் மக்கள் குறைந்தனர், சபை கூடுவதும் நின்றது. கி.பி. 630 அளவில் திருத்தந்தை முதலாம் ஒனோரியுஸ் அந்த வெற்று மண்டபத்தைப் புனித அதிரியான் ஆலயமாக்கினார். சுற்றியிருந்த எத்தனையோ மாளிகைகளின் பளிங்கைப் பின்வந்தோர் பெயர்த்தெடுத்துச் சுண்ணாம்புக் காளவாயில் இட்டனர். கியூரியாவோ பிழைத்தது. பயன்பட்டதால் பிழைத்தது. அதன் வெண்கலக் கதவுகள் பதினேழாம் நூற்றாண்டில் இலாத்தரன் பேராலயத்துக்குக் கொண்டு செல்லப்பட்டன; அவற்றை அங்கே இன்றும் காணலாம். 1930-களில் ஆலயத்தின் பிற்காலச் சேர்க்கைகள் நீக்கப்பட்டு, கட்டடம் மீண்டும் கியூரியாவாக மீட்கப்பட்டது.

ஒரு நகரின் நடுவில் எழுந்த அலுவலகங்கள் வெறுமையானால் அவற்றை என்ன செய்வது? இந்தக் கேள்வி ஃபோரத்தோடு முடிந்துவிடவில்லை. நம் காலத்தில் அது மிகக் கூர்மையாக எழுந்திருப்பது, உலக வணிகத்தின் நடுமையம் என்று பெயர்பெற்ற நியூயார்க்கின் தென்முனையில். அங்கே கடந்த முப்பது ஆண்டுகளில் நடந்ததை, அதற்கு முந்தைய இருநூறு ஆண்டுகளோடு சேர்த்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோட்டை, சுங்கச்சாவடி, இல்லம்

மன்ஹாட்டன் தீவின் தென்முனை குறுகலான இடம். டச்சுக்காரர் குடியேறிய நாளிலிருந்தே அங்கு நிலம் அரிது. ஆகவே கட்டடங்கள் அங்கே பலமுறை பிறவி எடுக்கின்றன. கரையோரத்தில் நிற்கும் கிளிண்டன் கோட்டை 1811-இல் கட்டி முடிக்கப்பட்டது. பீரங்கிகளுக்காக எழுந்த அந்த வட்டச் சுவருக்குள் 1824 முதல் இசையும் நாடகமும் நடந்தன. 1855 முதல் 1890 வரை அது குடியேறிகளைப் பதிவு செய்யும் நிலையமாயிற்று. அயர்லாந்திலிருந்தும் செருமனியிலிருந்தும் பசியோடு வந்த ஏறத்தாழ 80 இலட்சம் பேர் அந்த வாசல் வழியே புதிய நாட்டுக்குள் நுழைந்தனர். 1896 முதல் 1941 வரை அதே சுவருக்குள் மீன்காட்சியகம் இயங்கியது.

அந்தக் கோட்டைக்கு எதிரே, ஸ்டேட் ஸ்ட்ரீட் 7-ஆம் எண்ணில், ஒரு செல்வந்த வணிகர் 1793-இல் கட்டிய இல்லம் இருக்கிறது. கப்பல் உரிமையாளர்கள் தம் வீட்டு மாடியிலிருந்தே துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. பின்னர் செல்வந்தர்கள் வடக்கே குடிபெயர்ந்தனர். 1883-இல் ஜான் ரியார்டன் என்னும் ஐரிஷ் குரு, கப்பலிலிருந்து தனியே இறங்கும் இளம்பெண்களைத் தரகர்களின் கையில் சிக்காமல் காக்கச் செபமாலை அன்னையின் பெயரால் ஒரு பணியைத் தொடங்கினார். அப்பணிக்கு இந்தப் பழைய மாளிகையே வீடாயிற்று. வேலை கிடைக்கும்வரை அல்லது உறவினர் வந்து அழைத்துச் செல்லும்வரை பல்லாயிரம் பெண்கள் அங்கே தங்கினர். அமெரிக்க மண்ணில் பிறந்து 1975-இல் புனிதராக அறிவிக்கப்பட்ட முதல் பெண்மணியான எலிசபெத் சீற்றன், ஒருகாலத்தில் இதன் அடுத்த மனையில்தான் குடியிருந்தார். இன்று அவர் பெயரில் அங்கே திருத்தலம் உள்ளது.

சற்றுத் தள்ளி வால் ஸ்ட்ரீட்டில் நடந்ததையும் காண்போம். 1835 டிசம்பரில் மூண்ட பெருந்தீயில் வணிகர்களின் பரிவர்த்தனை மாளிகை எரிந்தது. அதே இடத்தில் கருங்கல் தூண்கள் நிரையாக நிற்க, புதிய மாளிகை எழுந்தது. 1860-களில் அது சுங்க மாளிகை ஆயிற்று. 1907-இல் சுங்கத்துறை வெளியேறியபின் ஒரு வங்கி அதை வாங்கி, பழைய தூண்களின் மேல் இன்னொரு நிரைத் தூண்களை ஏற்றி, உயரத்தை இரட்டித்துத் தன் தலைமையகமாக்கியது. வங்கியும் வெளியேறிய பின் விடுதியாயிற்று, 2000-களில் குடியிருப்பாயிற்று. சுங்கத்துறை குடிபோன புதிய மாளிகைக்கும் அதே விதிதான். 1970-களில் உலக வணிக மையத்துக்குச் சுங்கத்துறை மாறிச் சென்றபின் அந்த அழகிய மாளிகையின் பெரும்பகுதி வெறுமையாய்க் கிடந்தது. 1994 முதல் அங்கே அமெரிக்கப் பூர்வகுடி மக்களின் தேசிய அருங்காட்சியகம் இயங்குகிறது. நிலத்தை இழந்தவர்களின் நினைவு, அந்த நிலத்தில் இறங்கிய சரக்குக்கு வரி வாங்கிய மாளிகையில் குடியேறியிருக்கிறது.

ஒளிக்காக இயற்றிய சட்டம்

இவையெல்லாம் தனித்தனிக் கட்டடங்களின் கதைகள். ஒரு நகர்ப்பகுதி முழுவதுமே வெறுமையானபோது என்ன நேர்ந்தது என்பதை அறிய, வெளிச்சத்தைப் பற்றிய இரண்டு சட்டங்களை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நியூயார்க்கின் ஏழைகள் ஒண்டுக்குடித்தனக் கட்டடங்களில் அடைந்து கிடந்தனர். உள்ளறைகளுக்குச் சன்னல் கிடையாது. இருந்தாலும் அது அகலமற்ற ஒரு காற்றுக்குழியை நோக்கித் திறக்கும். அந்தக் குழியோ குப்பை கொட்டும் இடமாகும். காசநோய் அங்கே குடும்பம் குடும்பமாகத் தின்றது. டென்மார்க்கிலிருந்து குடியேறிய செய்தியாளர் ஜேக்கப் ரீஸ் அந்த இருட்டறைகளை ஒளிப்படம் எடுத்து, 1890-இல் நூலாக வெளியிட்டார். மக்களின் மனச்சாட்சி அசைந்தது. 1901-இல் இயற்றப்பட்ட குடியிருப்புச் சட்டம், புதிதாகக் கட்டும் வீட்டில் ஒவ்வோர் அறைக்கும் வெளிக்காற்றை நோக்கிய சன்னல் வேண்டும், காற்றுக்குழிக்குப் பதிலாக அகன்ற முற்றம் வேண்டும், வீட்டுக்கு வீடு கழிப்பறை வேண்டும் என்று விதித்தது. செல்வர்க்கு அழகாயிருந்த ஒளி, ஏழைக்கு உரிமையாக எழுதப்பட்ட நாள் அது.

இரண்டாவது சட்டம் அலுவலகங்களால் வந்தது. மின்தூக்கியும் எஃகுச் சட்டமும் கட்டடங்களை வானுக்கு ஏற்றின. 1913-இல் எழுந்த உல்வொர்த் கோபுரத்தை ஒரு புராட்டஸ்டாண்டுப் போதகரே ‘வணிகத்தின் பேராலயம்’ என்று புகழ்ந்தார். 1915-இல் பிராட்வேயில் எழுந்த ஈக்விட்டபிள் கட்டடம் 38 மாடிகள். ஓர் ஏக்கருக்கும் குறைந்த மனையில் 12 இலட்சம் சதுர அடிப் பரப்பு. அது நேர்செங்குத்தாக எழுந்து, சுற்றுத் தெருக்களின் வெயிலை விழுங்கியது. அண்டைக் கட்டடங்கள் இருண்டன. அவற்றின் மதிப்பும் சரிந்தது. மறு ஆண்டே, 1916-இல், நகரம் விதி வகுத்தது: உயர உயரக் கட்டடம் பின்வாங்கிச் செல்ல வேண்டும், தெருவுக்கு வானம் தெரிய வேண்டும். மன்ஹாட்டன் கோபுரங்கள் படிப்படியாய் ஒடுங்கி, கோயில் விமானம்போல் கூர்ந்து செல்வதன் காரணம் இதுவே.

அக்காலத்து அலுவலகங்களுக்கும் வெயில் வேண்டியிருந்தது. மின்விளக்கின் ஒளி மங்கல், குளிர்சாதனம் இல்லை. எழுத்தரின் மேசை சன்னலிலிருந்து 25, 30 அடிக்குள் இருந்தால்தான் அந்த இடத்துக்கு வாடகை தேறும். அதனால் அக்கட்டடங்களின் தளங்கள் ஒடுக்கமாகவும், சன்னல்கள் திறக்கக்கூடியனவாகவும் அமைந்தன. 1930-களின் இறுதியில் குழல்விளக்கு சந்தைக்கு வந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் குளிர்சாதனம் பெருகியது. அதன்பின் கட்டடக் கலைஞர் வெயிலை மறந்தனர். தளம் அகன்றது, சன்னல் நிரந்தரமாக மூடியது, நடுவில் அமர்ந்தவர் காலை எது, மாலை எது என்று அறியாமல் வேலை பார்த்தார். மனிதன் வெயிலை வெல்ல முடியும் என்ற பெருமிதம் அதில் இருந்தது. அந்தப் பெருமிதத்தின் விலையைப் பின்னர் காண்போம்.

1987: இரண்டு நிகழ்வுகள்

1987 அக்டோபர் 19, திங்கட்கிழமை. வால் ஸ்ட்ரீட் பங்குச்சந்தையின் டௌ ஜோன்ஸ் குறியீடு ஒரே நாளில் 22.6 விழுக்காடு வீழ்ந்தது. அடுத்த ஆண்டுகளில் தரகு நிறுவனங்கள் ஆள்குறைப்புச் செய்தன, ஒன்றோடொன்று இணைந்தன, அல்லது மூடின. எஞ்சியவற்றுள் பலவும் கணினிக்கேற்ற புதிய கட்டடங்களைத் தேடி நகரின் நடுப்பகுதிக்குச் சென்றன. 1990-களின் தொடக்கத்தில் தென்முனையின் அலுவலகப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வெறுமையாயிற்று. ஒருகாலத்தில் இரவிலும் விளக்கெரிந்த கோபுரங்களில் மாடி மாடியாக இருள் படிந்தது.

அதே 1987-இன் டிசம்பர் 27-இல், உரோமையில் நீதி மற்றும் அமைதிக்கான திருத்தந்தையின் ஆணைக்குழு, வீடற்றோரைப் பற்றி ஓர் ஏட்டை வெளியிட்டது. ஐக்கிய நாடுகள் அவை அவ்வாண்டை வீடற்றோருக்கான ஆண்டாக அறிவித்திருந்தது. வீடற்ற உன் சகோதரனுக்கு நீ செய்தது என்ன என்று கேட்பதே அந்த ஏட்டின் தலைப்பு. இருப்பிடம் என்பது பிச்சையன்று, மனித மாண்புக்குரிய உரிமை என்பது அதன் சாரம்.

இரண்டு நிகழ்வுகளுக்கும் ஒன்றோடொன்று தொடர்பு இல்லை. ஆயினும், நியூயார்க்கில் அவை ஒரே தெருவில் சந்தித்தன. வீடற்ற ஆண்களுக்கு இரவுத் தங்கிடம் தர வேண்டும் என்று 1981-லேயே நீதிமன்ற உடன்பாட்டால் கட்டுப்பட்டிருந்த நகரம் அது. 1980-கள் முழுவதும் அதன் புகைவண்டி நிலையங்களிலும் பூங்காக்களிலும் மனிதர் படுத்துறங்கினர். கோபுரங்களில் ஆள் இல்லை; ஆளுக்குக் கூரை இல்லை. இரண்டு வெறுமைகளும் ஒன்றையொன்று நிரப்பக்கூடாதா?

முதல் மாற்றமும் அதன் குறையும்

1995-இல் நகர ஆட்சியும் மாநில ஆட்சியும் சேர்ந்து ஒரு திட்டம் வகுத்தன. தென்முனையின் அலுவலகக் கட்டடத்தை வீடுகளாக மாற்றுவோருக்குப் பதினான்கு ஆண்டுகள்வரை சொத்துவரிச் சலுகை. 421-ஜி என்பது அச்சட்டப்பிரிவின் எண். பலன் விரைந்து கிடைத்தது. 2006-இல் திட்டம் முடிவதற்குள் 12,000-க்கு மேற்பட்ட வீடுகள் உருவாயின. இடையில் 2001 செப்டம்பர் 11-இல் இரட்டைக் கோபுரங்கள் சாய்ந்து, அந்தத் தெருக்களில் சாம்பல் படிந்தது. இனி இங்கே யார் குடியிருப்பார் என்று பலரும் கேட்டனர். ஆயினும் மக்கள் வந்தனர். மாலை ஐந்து மணிக்கு மேல் ஆளரவம் அடங்கிவிடும் இடமாயிருந்த தென்முனையில், குழந்தைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் தாய்மாரைக் காண முடிந்தது.

இங்கேதான் பழைய வெயில்விதி தன் பயனைக் காட்டியது. முதலில் மாற்றப்பட்டவற்றுள் பல, போருக்கு முந்தைய ஒடுங்கிய கட்டடங்கள். அவற்றில் எந்த மூலையில் தடுப்பு எழுப்பினாலும் ஓர் அறைக்குச் சன்னல் கிடைத்தது. இதே காரணத்தால்தான் திட்டம் முடிந்தபின்னும் மாற்றங்கள் தொடர்ந்தன. 1932-இல் கட்டிய பைன் ஸ்ட்ரீட் 70-ஆம் எண் கோபுரம் 2016-இல் குடியிருப்பாகத் திறந்தது. 1931-இல் வங்கிக்காக எழுந்த வால் ஸ்ட்ரீட் 1-ஆம் எண் மாளிகை, 566 வீடுகளோடு 2023-இல் திறந்தது. தெருவில் நடப்பவனுக்கு வானம் தெரிய வேண்டும் என்று 1916-இல் எழுதிய சட்டம், ஒரு நூற்றாண்டுக்குப் பின் படுக்கையறைக்கு வெயில் தந்தது. பிறருக்கென்று விட்டுக்கொடுத்த இடம், காலம் கடந்து தனக்கே திரும்பி வந்தது.

ஆனால், திட்டத்தில் ஒரு குறை இருந்தது. சிறு குறை அன்று. பொதுப்பணத்தில் இவ்வளவு சலுகை தந்த சட்டம், இந்த வீடுகளில் இத்தனை பங்கு எளியோருக்கு என்று கேட்கவில்லை. சலுகைக் காலத்தில் வாடகை ஒரு வரம்புக்கு உட்பட்டிருக்கும் என்பது மட்டுமே காப்பு. அந்தக் காப்பும் தமக்குப் பொருந்தாது, உயர்வாடகை வீடுகளுக்கு வரம்பு தேவையில்லை என்று உரிமையாளர் சிலர் வாதிட்டனர். குடியிருந்தோர் வழக்காடினர். 2019 ஜூனில் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் குடியிருந்தோர் பக்கம் தீர்ப்பளித்தது: சலுகையைப் பெற்றவர் அதற்குரிய கடமையையும் ஏற்க வேண்டும். தீர்ப்பு நன்று. ஆயினும், சட்டம் இயற்றி இருபத்துநான்கு ஆண்டுகள் கழிந்தபின் வந்த தீர்ப்பு அது. பலருக்குச் சலுகைக் காலமே முடிந்திருந்தது. கல்லையும் எஃகையும் மாற்ற இரண்டு மூன்று ஆண்டுகள் போதுமாயிருந்தன. கட்டடத்தை ஆள்வோரின் எண்ணத்தை மாற்ற அவை போதவில்லை.

நடுவில் வெட்டிய முற்றம்

2020-இல் பெருந்தொற்று வந்தது. மேசையில் அமர்ந்து பார்க்கும் வேலையை வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று உலகம் கண்டுகொண்டது. நோய் அடங்கியபின்னும் பலர் வாரத்தில் இரண்டு மூன்று நாள்களே அலுவலகம் திரும்பினர். மீண்டும் மாடிகள் காலியாயின. இம்முறை வெறுமையானவற்றுள் மிகுதியானவை போருக்குப் பிந்தைய அகன்ற கட்டடங்கள். வெயிலை வென்றதாக எண்ணிக் கட்டியவை.

அவற்றுள் ஒன்று வாட்டர் ஸ்ட்ரீட் 25-ஆம் எண் கட்டடம். 1969 அளவில் ஒரு வங்கி தன் கணக்கு வேலைகளுக்காகக் கட்டியது. செங்கல் சுவர், இடையிடையே அம்புத்துளை போன்ற ஒடுங்கிய சன்னல்கள். அக்காலக் கணினிக்குத் தரவு ஊட்டிய துளையிட்ட அட்டையை ஒத்திருக்கிறது என்று சொல்வார்கள். இயந்திரத்துக்கும் காகிதத்துக்கும் வெயில் தேவையில்லை அல்லவா? அப்படிப்பட்ட 22 மாடிக் கட்டடத்தை வீடாக்குவது எப்படி?

அலுவலகத்தை வீடாக்குவது தடுப்புச் சுவர் எழுப்பும் வேலை மட்டும் என்று நாம் எண்ணிவிடக் கூடாது. அலுவலகத்தில் கழிப்பறைகள் மாடிக்கு ஓரிடத்தில், நடுவில், ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். வீடென்றால் ஒவ்வொன்றுக்கும் சமையலறை, குளியலறை வேண்டும். அதற்குத் தளம்தோறும் கற்காரையைத் துளைத்துக் குழாய் இறக்க வேண்டும். திறவாத கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திறக்கும் சன்னல் பொருத்த வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நடுப்பகுதியின் இருட்டை நீக்க வேண்டும். 1901-இன் சட்டம் ஊன்றிய கொள்கை இன்றும் உயிரோடு இருக்கிறது: வெளிச்சம் வராத அறையில் மனிதனைக் குடிவைக்கலாகாது.

வாட்டர் ஸ்ட்ரீட்டில் செய்தது இதுதான். கட்டடத்தின் உடலுக்குள், மேலிருந்து கீழாக, இரண்டு முற்றங்களை வெட்டினர். அங்கிருந்த தளங்களை உடைத்து அகற்றி, வானத்தை உள்ளே இறக்கினர். அதனால் இழந்த பரப்பை ஈடுசெய்ய உச்சியில் பத்து மாடிகளை ஏற்றினர். செங்கல் முகப்பை நீக்கி, அகன்ற சன்னல்களை வைத்தனர். 1,320 வீடுகள் உருவாயின. 2025-இல் குடிகள் வரத் தொடங்கினர். அமெரிக்காவில் அலுவலகத்திலிருந்து வீடாக மாறியவற்றுள் இதுவே மிகப்பெரியது என்கிறார்கள்.

நாலுகட்டு வீட்டில் வளர்ந்த நம் பெரியவர்களுக்கு இச்செய்தி புன்னகை தரும். வீட்டின் நடுவில் முற்றம் விட்டு, மழையும் நிலவும் உள்ளே இறங்கச் செய்தார்கள் நம் கொத்தர்கள். மனையின் நடுவிடத்தை ஒருவருக்கும் சொந்தமாக்காமல் வானத்துக்கு விட்டால்தான் சுற்றியுள்ள எல்லா அறைக்கும் உயிர் உண்டு. பெருங்கோபுரமும் கடைசியில் அந்தப் பாடத்தையே கற்றிருக்கிறது.

யாருக்காக?

இனி நாம் விடாமல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று எஞ்சியிருக்கிறது. வெயில் யாருடைய அறையில் விழுகிறது?

1995-இன் குறையை மாநிலம் ஓரளவு உணர்ந்தது. 2024-இல் இயற்றிய புதிய வரிச்சலுகைச் சட்டம், மாற்றியமைக்கும் கட்டடத்தில் நான்கில் ஒரு பங்கு வீடுகளைக் குறைந்த வாடகைக்கு நிரந்தரமாக ஒதுக்க வேண்டும் என்று விதிக்கிறது. வாட்டர் ஸ்ட்ரீட்டின் வீடுகளில் அவ்வாறு 330 ஒதுக்கப்பட்டன. 2024 டிசம்பரில் நகர மன்றம் இன்னொரு கதவையும் திறந்தது. 1990 வரை கட்டிய அலுவலகங்களையும் இனி வீடுகளாக்கலாம். இவை முன்னேற்றங்களே. ஆனால், அந்தக் குறைந்த வாடகையும், வட்டார வருமானத்தின் நடுமட்டத்தில் சராசரி 80 விழுக்காடு பெறுவோரைக் கணக்கில் வைத்தே வகுக்கப்பட்டது. பள்ளி ஆசிரியருக்கோ தீயணைப்பு வீரருக்கோ அது உதவக்கூடும். அதே கட்டடத்தில் முப்பது ஆண்டுகள் இரவுநேரத்தில் தரை துடைத்த புலம்பெயர்ந்த பெண்ணுக்கு எட்டுமா? ஒவ்வொரு மாடியின் ஒவ்வொரு மூலையையும் அவள் அறிவாள். கட்டடம் வீடானபோது அவளுக்கு வேலையும் போயிருக்கும்.

மிக எளியோருக்கென்றே செய்வது இயலாது என்று கூற முடியாது. அதே மன்ஹாட்டனின் நடுப்பகுதியில், டைம்ஸ் சதுக்கத்தருகே, சீரழிந்து கிடந்த ஒரு பெரிய தங்கும் விடுதியை, ரோசான் ஹாகர்ட்டி என்னும் இளம்பெண் 1990-இல் தொடங்கிய ‘காமன் கிரவுண்ட்’ அமைப்பு கையேற்றது. அது அலுவலகம் அன்று, விடுதி. எனினும் கேள்வி ஒன்றே. பழுது பார்த்து, 652 சிறு வீடுகளாக்கி, வீடற்றிருந்தோருக்கும் குறைந்த ஊதியத் தொழிலாளருக்கும் கலைஞருக்கும் அதே கூரையின்கீழ் இடம் கொடுத்தது. மருத்துவமும் வேலைவாய்ப்பு உதவியும் அங்கேயே கிடைத்தன. இதற்கும் வரிச்சலுகையும் பொதுப்பணமும் துணைநின்றன. வேறுபாடு பணத்தில் இல்லை; யாரை மனத்தில் வைத்துக் கதவு அமைத்தார்கள் என்பதில் இருக்கிறது. 1883-இல் ஸ்டேட் ஸ்ட்ரீட்டின் செல்வந்தர் மாளிகையை நோக்கிய ரியார்டன் அடிகளாரும், முதலில் கட்டடத்தைப் பார்த்தவர் அல்லர். துறைமுகத்தில் மூட்டையோடு நின்ற பெண்ணைப் பார்த்தவர்.

நம் வீட்டுக் கதவு

நியூயார்க்கின் கணக்கைக் கேட்டுவிட்டு நம் கணக்கை மறைத்துக்கொள்வது நேர்மையாகாது. 2013 செப்டம்பரில் உரோமையில் அகதிகளுக்கான இயேசு சபை மையத்தைச் சந்தித்த மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், வெறுமையாகிவிட்ட துறவற இல்லங்களைப் பணம் ஈட்டும் விடுதிகளாக்க வேண்டாம், அவை அகதிகளுக்கு உரியவை என்று வெளிப்படையாகக் கூறினார். 2019-இல் புனித பேதுரு சதுக்கத்தை ஒட்டிய பழைய மாளிகை ஒன்றை, துறவற சபையார் காலிசெய்தபின், விடுதியாக்காமல் வீடற்றோர் இல்லமாக்கச் செய்தார். சந்தை விலைக்கு அந்த இடம் என்ன பெறும் என்பதை உரோமையில் அறியாதார் இல்லை.

நம் பங்கிலும் ஒரு பழைய கட்டடம் உண்டு. பள்ளி புதிய இடத்துக்கு மாறியபின் ஒன்பது ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கிறது. கடைவீதியை ஒட்டிய இடம். முன்புறத்தை இடித்து ஆறு கடைகள் கட்டினால் மாதந்தோறும் நல்ல வாடகை வரும் என்று பங்குப்பேரவையில் கணக்குக் காட்டினார்கள். கணக்கில் பிழை இல்லை. ஆலயத்துக்கு ஓடு மாற்றவும் பணம் வேண்டும். நாமும் தலையசைத்தோம். அன்று மாலை சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே சென்று பார்த்தோம். பழைய வகுப்பறைகள், இருபுறமும் பெரிய சன்னல்கள். ஒரு சன்னலைத் தள்ளித் திறந்தபோது, மறுபுறத் தாழ்வாரத்தில், மருத்துவமனையில் கிடக்கும் உறவினருக்குத் துணையாக வெளியூரிலிருந்து வந்த குடும்பம் ஒன்று பாய் விரித்துக்கொண்டிருந்தது. நம்மைக் கண்டதும், ‘சாமி, இப்பவே போயிடுறோம்’ என்று எழுந்தார்கள்.

அடுத்த பேரவைக் கூட்டம் வரும் மாதம். கடைகளின் வரைபடம் மேசைமேல் இருக்கும். அந்தத் தாழ்வாரத்தைப் பற்றியும் அன்று பேச வேண்டும்.